பூட்டுக்காரரை ஏன் மூன்று நொடியில் வெட்டினீர்கள்?

கேள்வி: ஐயா, வணக்கம். திண்டுக்கல்லில் இருக்கிறேன். வயது 26. ஐந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், எடிட்டிங்கும் நானே. நண்பன் பாடிய இரண்டு ஆல்பம் பாட்டுகளைச் செலவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவதை 40 ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இப்போது கோவையில் ஒரு மில் முதலாளி, தன் மகன் பாடிய பாட்டை வீடியோவாக எடுக்க ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா? வீட்டில் அப்பா, "கல்யாண வேலையை விட்டுடாதே" என்கிறார். நண்பர்கள், "சென்னைக்குப் போய் யாரிடமாவது அசிஸ்டென்ட்டாகச் சேர்" என்கிறார்கள். ஆல்பம் பாட்டு எடுத்தே சினிமாவுக்குப் போக முடியுமா? இன்னொன்று. போன வருடம் ஒரு கம்பெனிக்கு, பிரிந்த காதலர்கள் மழையில் ஒரு பஸ் ஸ்டாப்பில் சந்திப்பதாக ஒரு பாட்டுக்கான ஐடியாவை மெயிலில் அனுப்பினேன். பதிலே இல்லை. நான்கு மாதம் கழித்து அதே மாதிரி ஒரு வீடியோ வந்தது. என்ன செய்வது? என் இரண்டு வீடியோக்களின் லிங்க்கும் கீழே இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், திண்டுக்கல்

தம்பிக்கு வணக்கம்.

கடிதத்தைப் பாதி படித்ததுமே லிங்க்கைத் திறந்துவிட்டேன். முதல் வீடியோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நண்பர், பைக், சிறுமலை வளைவுகள், மேலிருந்து ட்ரோன். முதல் வீடியோவை எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்தேன். என்ன, என் காலத்தில் ட்ரோன் கிடையாது, கேமராவை உயரத் தூக்குகிற ஜிம்மி ஜிப் கிரேனுக்குக் கையில் காசு கிடையாது.

இரண்டாவதில், ஒரு நிமிடம் 52-வது நொடியில் ஒரு பூட்டுப் பட்டறை வருகிறது. பெரியவர் ஒருவர் சாவியை வைஸில் இறுக்கி அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார். மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் கட்டைவிரலால் தூளைத் தட்டிவிடுகிறார். மறுபடி மூன்று இழுப்பு. பாட்டில் அந்த இடத்தில் தாளமும் அதே கணக்கில்தான் போகிறது: மூன்று அடி, நான்காவதில் மௌனம். நான் மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் தெரிந்து எடுத்தீர்களா, தானாக அமைந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் சுற்று அப்படியே வருகிறது. இரண்டாவது சுற்று தொடங்கியதும் அந்த ஷாட்டை ஸ்லோ மோஷனுக்கு இழுத்து, உடனே வெட்டி, நண்பர் கூலிங் கிளாஸோடு நடந்து வருவதற்குப் போய்விட்டீர்கள். மொத்தம் மூன்று நொடி. அந்த 40 ஆயிரம் பேரும் எதற்காகப் பார்த்தார்கள் என்று தெரியாது. எனக்கு உங்களுக்குப் பதில் எழுதலாம் என்று தோன்றியது அந்த மூன்று நொடியால்தான்.

அதனால் நீங்கள் கேட்காததிலிருந்து தொடங்குகிறேன். பாட்டு வீடியோ எடுக்கிறவருக்கு முதலில் வேண்டியது காது. கல்யாண வீடியோவில் பாட்டு கடைசியில் வரும். எடுத்த படத்தின் மேல் ஒரு பாட்டைப் போர்த்துவோம், பிடிக்கவில்லை என்றால் வேறு பாட்டு. இங்கே பாட்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதில் ஒரு நொடியைக்கூட நம்மால் மாற்ற முடியாது. ஐந்து வருடப் பழக்கம் உங்களை இன்னும் அழகான ஷாட் தேடவே சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு வீடியோவிலும் அது தெரிகிறது.

மிஷெல் கோந்த்ரி என்று ஒரு பிரெஞ்சு இயக்குநர் இருக்கிறார். அவர் ட்ரம்ஸ் வாசித்தவர். 'உய் உய்' என்ற தன் இசைக்குழுவின் பாட்டுகளுக்கு அவரே வீடியோ எடுத்தார். அதைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அவரைக் கூப்பிட்டார். 1993-ல் பியோர்க்குக்காக அவர் எடுத்த முதல் வீடியோ வந்தது. 2002-ல் கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் 'ஸ்டார் கிட்டார்' என்ற பாட்டுக்கு கோந்த்ரி எடுத்ததைத் தேடிப் பாருங்கள். ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற காட்சி, அவ்வளவுதான். பாடகர் இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால் ஒரு அடிக்கு ஒரு கம்பம் கடக்கும், இன்னொரு ஒலிக்கு ஒரு கட்டடம், ஒலி கூடும்போது எதிரே இன்னொரு ரயில். பிரான்ஸில் நீம் நகருக்கும் வலான்ஸ் நகருக்கும் இடையே ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போய், சின்ன டிஜிட்டல் கேமராவில், பகலின் வெவ்வேறு நேர வெளிச்சத்தில் எடுத்தது. அதற்கு முன் அவர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, கேசட், கண்ணாடி டம்ளர் என்று வீட்டில் கிடந்ததையெல்லாம் தரையில் வரிசையாக அடுக்கி, எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை.

நான் அதைக் காலண்டரின் பின்பக்கத்தில் செய்கிறேன். உங்கள் நண்பரின் பாட்டையே எடுத்துக்கொள்வோம். வேகத்தை அளந்தேன்: நிமிடத்துக்கு 96 அடி. நான்கு அடி சேர்ந்து ஒரு சுற்று என்றால் சுற்றுக்கு இரண்டரை நொடி. பாட்டு நான்கு நிமிடம், ஆக 96 சுற்று. காலண்டர் தாளில் 96 கட்டம் போடுங்கள். பல்லவி எத்தனை கட்டம், இன்டர்லூட் எத்தனை, சரணம் எத்தனை என்று பிரியுங்கள். பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு தடவை பேஸ் கிட்டார் மாதிரியான அடி ஒலியை மட்டும் கேளுங்கள், இன்னொரு தடவை தாளம் மட்டும், இன்னொரு தடவை பாடகர் மூச்சு வாங்குகிற இடங்கள் மட்டும். ஒவ்வொன்றையும் வேறு வேறு நிறப் பேனாவால் கட்டத்தில் குறியுங்கள். இருபது தடவை கேட்ட பிறகு நிறமே இல்லாமல் சில கட்டங்கள் மிஞ்சும். படம் வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான். பூட்டுக்காரரின் கட்டைவிரல் வந்த இடம் அப்படிப்பட்ட ஒரு கட்டம்.

இந்தத் தாள் பணத்தையும் மிச்சப்படுத்தும். சுற்றுக்கு ஒரு ஷாட் என்று வைத்தாலே 96 ஷாட். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஒரு கால்ஷீட்டில், சின்ன யூனிட்டை வைத்துக்கொண்டு, லைட்டை நகர்த்தி நகர்த்தி எனக்கு முப்பது ஷாட் தாண்டியதில்லை. அப்போ எந்தக் கட்டத்தில் ஷாட் நீளமாக நிற்கலாம், எந்த ஷாட்டை மூன்று இடத்தில் பிரித்துப் போடலாம் என்று தாளிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். லொகேஷனில் நின்றுகொண்டு யோசித்தால் வெயில் இறங்கிவிடும்.

ஒரு சின்ன விஷயம். அடி விழுகிற அதே ஃப்ரேமில் வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டிப் பாருங்கள். புதுப் படத்தைக் கண் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். முன்னால் வெட்டினால்தான் அடியும் படமும் சேர்ந்து விழுந்த மாதிரி இருக்கும்.

இனி ஸ்லோ மோஷன். கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது கைவந்த வித்தை என்பதால்தான் ஆபத்து. கல்யாணத்தில் மணப்பெண் எதையும் பாடுவதில்லை, எந்த வேகத்திலும் எடுக்கலாம். பாடகர் வாயசைக்கும்போது கதையே வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் மினுக்காமல் இருக்க நொடிக்கு 25 ஃப்ரேமில், ஷட்டரை ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் வைத்து எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அரை வேகம் வேண்டுமானால் 50 ஃப்ரேமில் எடுக்க வேண்டும். அப்போது ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். பாடகர் அந்த ஓட்டத்துக்கு வாயசைக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகமாக்கினால் உதடு பாட்டோடு சரியாக உட்காரும், தலைமுடியும் துணியும் மட்டும் மிதக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது தூத்துக்குடி உப்பளத்தில். மூன்றாவதோ நான்காவதோ வீடியோ. மதியம் இரண்டு மணி, வெள்ளை வெளேர் என்று உப்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை. பாடகிக்கு அதுதான் முதல் ஷூட்டிங். சரணம் முழுவதையும் 50 ஃப்ரேமில் எடுத்தேன். பாட்டை இரண்டு மடங்கில் தயார் செய்த ஃபைல் உதவியாளரின் இன்னொரு போனில் இருந்தது. அந்த போன் சார்ஜ் இல்லாமல் வண்டியில் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவன் நான், நான் மானிட்டரில் உப்புக் குவியலின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடிட்டில் உட்கார்ந்தால் அந்தப் பெண் தூக்கத்தில் பேசுகிற மாதிரி வாயைத் திறக்கிறார். பாட்டு ஒரு வரி முடியும்போது உதடு பாதி வரியில் நிற்கிறது. சரணம் மொத்தத்தையும் முதுகு, கை, பாதம், உப்பு வாரும் பலகை என்று ஒப்பேற்றினேன். இரண்டு வரிக்கு முகம் இல்லாமல் முடியவில்லை. சொந்தக் காசில் இன்னொரு நாள் போய் எடுத்துவிட்டு வந்தேன். அந்த மாதம் வீட்டு வாடகை தாமதம்.

அதனால், ஷூட்டிங்கில் ஓட்டுகிற பாட்டை, அதாவது பிளேபேக்கை, வேகம் கூட்டிய ஃபைல்களாக முந்தைய நாள் இரவே தயார் செய்து இரண்டு போனில் வையுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பாட்டு அணில் கத்துகிற மாதிரி கேட்டு யூனிட் மொத்தமும் சிரிக்கும், பாடகர் கூச்சத்தில் சுருங்கிவிடுவார். இரண்டு மடங்கு வேகத்துக்கு எல்லாராலும் வாயசைக்க முடியாது. மில் முதலாளி மகனை வீட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் ஸ்லோ மோஷனை வாயசைக்காத இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது சோனி கேமராவாக இருந்தால் இன்னொன்று: எஸ் அண்ட் க்யூ (ஸ்லோ அண்ட் க்விக்) மோடில் எடுத்தால் சத்தம் பதிவாகாது. எடிட்டில் பாட்டோடு பொருத்த ஒலியே இருக்காது. ஷாட் தொடங்கும்போது ஒருவர் கேமரா முன் நின்று தாளத்தோடு நாலு தட்டு கைதட்டட்டும், எந்த வரி என்பதை ஒரு அட்டையில் எழுதிக் காட்டட்டும்.

பழைய யூனிட்காரர்கள் இப்போதும் பிளேபேக்கை 'நாக்ரா' என்பார்கள். முன்பு ஷூட்டிங்கில் பாட்டை ஓட்டிய டேப் மெஷினின் பெயர் அது. மெஷின் போய்விட்டது, பெயர் மட்டும் வாயில் நிற்கிறது. ஒரு பாட்டை எடுத்தாலும் 'ஆல்பம் சாங்' என்று நாம் சொல்வது போல.

சரி, கோவைக்கு வருவோம். எடுங்கள். ஒன்றரை லட்சம் பெரிய பணமும் இல்லை, ஒதுக்குகிற பணமும் இல்லை. ஒரே ஒரு லொகேஷன், ஒரே ஒரு நாள் என்று எழுதினால் மரியாதையாக எடுக்கலாம். இரண்டு நாள், மூன்று ஊர் என்று எழுதினால் பணம் வண்டி டீசலிலேயே போய்விடும். முதலில் இருபதாயிரத்தை உங்கள் சம்பளமாக எடுத்து வையுங்கள். "அண்ணே, எனக்கு எதுவும் வேணாம், பேர் வந்தா போதும்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவனுக்கு அடுத்த பாட்டிலும் பேர்தான் வரும். பதினைந்தாயிரத்தைக் கணக்கிலேயே காட்டாமல் ஒதுக்குங்கள், மழைக்கும் உடைகிற பல்புக்கும். மிச்சம் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். அதற்குள் கேமரா, லென்ஸ், லைட், மேக்கப், உடை, சாப்பாடு, வண்டி, கடைசியில் கலர் கரெக்‌ஷன் எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் சொந்தக் கேமராவைப் பயன்படுத்தினால் அதற்கும் வாடகை போடுங்கள். ஆனால் நீங்களே அதைப் பிடிக்காதீர்கள். கேமராவுக்கு ஒருவரை வையுங்கள். ஃபோகஸைப் பார்க்கிற கண்ணால் பாடகர் முகத்தைப் பார்க்க முடியாது. அன்று ஷூட்டிங்கில் பாடகரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும், அது நீங்கள்தான்.

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். லைட்மேன் வயிறு காய்ந்தால் உங்கள் நாலு மணி ஷாட் ஐந்தரைக்குத்தான் கிடைக்கும்.

பணம் தருகிறவர் அப்பா, பாடுகிறவர் மகன். யார் சொல்வதைக் கேட்பது என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே பேசிவிடுங்கள். அப்பா தன் காரை வீடியோவில் வைக்கச் சொல்வார். சொல்லாவிட்டால் ஆச்சரியப்படுவேன். ஆறு ஷாட் தேவைப்படாது, ஒரு ஷாட்டில் கார் இருக்கும் என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள், அதை உங்கள் தாளில் ஒரு கட்டத்தில் போட்டுவிடுங்கள். முன்கூட்டி இடம் கொடுத்துவிட்டால் அந்தக் கார் எடிட்டில் வந்து பாட்டைக் கெடுக்காது. ரீல்ஸுக்குச் செங்குத்தாகவும் கேட்பார்கள், முக்கியமான முகங்களை நடுவில் வையுங்கள்.

பேசும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பாட்டு யாருடையது? மெட்டு சொந்த மெட்டா, சினிமாப் பாட்டின் கவரா? சினிமாப் பாட்டாக இருந்தால் ஆடியோ கம்பெனியின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் யூடியூப்பில் போட்ட உடனே உரிமை கோரல் வரும், வருமானம் அங்கே போகும், வீடியோவே முடங்கவும் செய்யும். பின்னணி இசையை நெட்டில் வாடகைக்கு எடுத்த பீட்டாக வைத்திருந்தாலும் அதன் ரசீதைப் பாருங்கள். அதே பீட்டில் இன்னும் பத்துப் பேர் பாடியிருக்கலாம். உங்கள் உழைப்பு அதன் மேல்தான் ஏறப்போகிறது.

எழுத்தில் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். முன்பணம் பாதி, ஷூட்டிங் நாள் காலை நாற்பது சதவீதம், கடைசி பத்து சதவீதம் வந்த பிறகுதான் வாட்டர்மார்க் இல்லாத மாஸ்டர் ஃபைல். திருத்தம் இரண்டு முறை, மூன்றாவதுக்குத் தனிக் காசு. இதை எழுதாததால் ஒரு வீடியோவில் நான் பதினோரு திருத்தம் செய்திருக்கிறேன், கடைசியில் முதல் எடிட்டுக்கே திரும்பி வந்தோம். மில் கணக்கிலிருந்து பணம் வந்தால் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிக்கலாம். பான் எண்ணைக் கொடுங்கள், வருமானவரி ரிட்டர்ன் போட்டால் உங்களுக்கு வர வேண்டியது திரும்ப வரும்.

ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதையும் எழுதுங்கள். படத்தின் மேல் எத்தனை நொடி, யூடியூப் விவரத்தில் எத்தனாவது வரி. இது கௌரவப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் திரைப்படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான். 2012 திருத்தத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை வலுவானது. இயக்குநருக்கு அங்கே இடமில்லை. வீடியோ ஒரு கோடிப் பார்வை போனாலும் சட்டப்படி உங்களுக்கு அதில் தானாக ஒரு ரூபாய் வராது. எனவே வருகிற பெயரும், முதலிலேயே வாங்குகிற சம்பளமும்தான் உங்களுக்கு மிஞ்சுவது. வெளிநாட்டிலும் இது லேசில் கிடைத்ததில்லை. பாட்டு வீடியோவுக்கென்றே வந்த அமெரிக்க சேனல் எம்.டி.வி. 1981 ஆகஸ்டில் தொடங்கியது. பாட்டின் பெயரோடு இயக்குநர் பெயரையும் திரையில் போட ஆரம்பித்தது 1992-ல்தான். 2021-ல் நம் வீடுகளில் எல்லாம் ஓடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யின் பாடகர்களை எல்லாருக்கும் தெரியும். இயக்கியவர் அமித் கிருஷ்ணன் என்று உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஐடியா திருட்டு. வலிக்கும், தெரியும். ஆனால் அதில் உங்களுக்கு வழக்கு இருக்கிற மாதிரி எனக்குப் படவில்லை. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் அடிப்படை: வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை நீங்கள் எழுதி வடித்த வடிவத்துக்குத்தான் உண்டு. நீங்கள் அனுப்பியது ஆறு வரி மெயில் என்றால் அது கரு. அடுத்த முறை ட்ரீட்மென்ட் நோட்டாக எழுதுங்கள்: எந்தச் சுற்றில் என்ன, என்ன நிறம், யார், எங்கே, மேற்கோள் படங்களோடு நாலைந்து பக்கம். மெயிலில் தேதியோடு போகட்டும். கதையாக விரிந்தால் சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிப் பதிவு செய்யலாம். அப்புறம், வருத்தப்படாதீர்கள், பிரிந்த காதலர்கள் மழையில் ஒரே பஸ் ஸ்டாப்பில் சந்திப்பதை நாலு மாதத்தில் நாற்பது பேர் யோசிப்பார்கள். உங்கள் பூட்டுக்காரரை யாரும் யோசிக்க மாட்டார்கள்.

இப்போது அப்பாவின் பேச்சும் நண்பர்களின் பேச்சும். இந்த ஒன்றில் நான் அப்பா பக்கம், முக்கால்வாசி. கல்யாண வேலையை விட வேண்டாம். தாலி கட்டுகிறதுக்கு ரீடேக் கிடையாது என்று தெரிந்து ஐந்து வருடம் வேலை பார்த்த ஆள் நீங்கள். கூட்டத்தில் இடம் பிடிப்பது, வெளிச்சம் இல்லாத மண்டபத்தில் சமாளிப்பது, மாமாக்களைக் கோபப்படுத்தாமல் நகர்த்துவது எல்லாம் எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் சொல்லித் தர மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் உங்களுக்கு முகூர்த்தம் இல்லை. பல வீடுகளில் புரட்டாசியும் இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் உங்கள் கை சும்மாதான் இருக்கும். அந்த மாதங்களைச் சென்னைக்குக் கொடுங்கள். சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நண்பர்கள் ரூமில் ஒரு பாயைப் பிடியுங்கள்.

யாரிடம் சேர்வது? எல்லாரும் சினிமா இயக்குநரிடம் என்பார்கள். ஆனால் தமிழ் சினிமாவில் பாட்டைப் பெரும்பாலும் எடுப்பவர் டான்ஸ் மாஸ்டர்தான் தெரியுமா? பாட்டு ஷூட்டிங் அன்று ஷாட் வைப்பதும் "ஒன் மோர்" சொல்வதும் மாஸ்டராக இருக்கும், இயக்குநர் நாற்காலியில் மோர் குடித்துக்கொண்டிருப்பார். பிரபுதேவா, ராகவா லாரன்ஸ், பிருந்தா என்று மாஸ்டர்கள் இயக்குநர்களானதில் ஆச்சரியமே இல்லை, அவர்கள் ஏற்கெனவே பாதிப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு இயக்குநரிடம் மூன்று வருடம் கிளாப் அடித்தாலும் பாட்டு எடுப்பதைத் தூர நின்றுதான் பார்ப்பீர்கள். உங்களுக்கு இருக்கிற ஆடி, மார்கழிக்கு விளம்பரப் படம் எடுப்பவர்கள் பொருத்தம். ஒரு விளம்பரம் ஓரிரு வாரத்தில் தொடங்கி முடிந்துவிடும். ட்ரீட்மென்ட் எழுதுவது, காசு கொடுப்பவரைச் சமாளிப்பது, முப்பது நொடியில் எதை விடுவது என்று மொத்தச் சுற்றையும் பார்த்துவிடலாம். முடிந்தால் ஒரு மாஸ்டரின் உதவியாளர்களோடும் ஒரு வாரம் நில்லுங்கள். எட்டு எண்ணிக்கையை அவர்கள் உடம்பில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்தால் என் காலண்டர் தாள் இன்னும் நன்றாகப் புரியும்.

சினிமாவுக்குப் போக முடியுமா என்றால், போனவர்கள் இருக்கிறார்கள். டேவிட் ஃபின்ச்சர் மடோனாவின் பாட்டுகளை எடுத்துவிட்டுத்தான் ஹாலிவுட் போனார். ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் 1991-ல் ஆர்.இ.எம். குழுவுக்கு எடுத்த ஒரு வீடியோவால் உலகத்துக்குத் தெரிந்தார், அவருடைய முதல் படம் 2000-ல். மும்பையில் கென் கோஷ் தொண்ணூறுகளில் வரிசையாகப் பாட்டு வீடியோ எடுத்துவிட்டு 2003-ல் இந்திப் படம் எடுத்தார். 1997-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் 'வந்தே மாதரம்' வீடியோவை எடுத்த பரத்பாலா தமிழில் 'மரியான்' எடுத்தது 2013-ல். நடுவில் எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

தமிழில் அண்மைக் காலத்தில் கதவைத் திறந்தது பாட்டை விடக் குறும்படம்தான். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' வழியாக வந்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி எல்லாரும் மனிதர்கள் பேசுகிற படங்களைக் காட்டித்தான் தயாரிப்பாளரிடம் போனார்கள். பாட்டு வீடியோ கற்றுத் தராதது அந்தப் பேச்சைத்தான். இரண்டு பேர் ஒரு அறையில், இசை இல்லாமல், மூன்று நிமிடம் பேசிக்கொண்டிருக்க, பார்க்கிறவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். ஆல்பம் பாட்டு எடுத்துப் பழகிய எங்களில் பலருக்கு அங்கே கை உதறும், உடனே ஒரு பிஜிஎம்மைத் தேடுவோம். நான் இதுவரை படம் எடுக்கவில்லை, அதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, எனக்குப் பாட்டே போதுமாக இருக்கிறது. உங்களுக்குப் போதாது என்றால், வருடத்துக்கு ஒன்று, இசையே இல்லாத குறும்படம் எடுத்துவிடுங்கள். திண்டுக்கல் பிரியாணிக் கடையில் பில் போடுகிறவரும் வாடிக்கையாளரும் பேசுவதைக்கூட எடுக்கலாம்.

கோவை முதலாளியிடம் பாட்டை வேவ் ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டை வைத்துக் கட்டம் போடாதீர்கள், கடைசி மிக்ஸில் வேகமோ நீளமோ கொஞ்சம் மாறினாலும் எல்லாக் கட்டமும் நகர்ந்துவிடும். கட்டம் போட்ட தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

கூடவே இன்னொன்றும் அனுப்புங்கள். அந்தப் பூட்டுப் பட்டறையில் எடுத்த ரஷ், அதாவது எடிட் செய்யாத மூலக் காட்சி, இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா? வெட்டாமல், வேகம் மாற்றாமல், முழுசாக. அவர் அந்தச் சாவியை ராவி முடித்துப் பூட்டில் போட்டுப் பார்த்தாரா, திறந்ததா என்று பார்க்க வேண்டும்.